தந்தி படுக்கவில்லை

மேல்வரிசைப் பல் பதினான்கையும் மொத்தமாகக் கவ்விக்கொண்டு தந்தி மாடிப்படியில் பாய்ந்தது.

பின்னாலேயே பல்லுக்காரர். ஒரு காலில் செருப்பு, மறுகாலில் இல்லை. தூசிக்காகக் கட்டிய முகமூடி கழுத்தில் தொங்கியது. கையில் மெழுகுக் கத்தி. மூன்றாம் மாடியிலிருந்து தரைவரை நாற்பத்தெட்டுப் படி. அதைக் கடைசியாக ஓடி இறங்கியது எந்த வருஷம் என்று அவருக்கே நினைவில்லை.

"பிடிங்க! யாராச்சும் பிடிங்க! அது பல்லு!"

கீழே ஸ்கூட்டர் துடைத்துக்கொண்டிருந்த குடியிருப்புச் செயலாளர் நிமிர்ந்தார். கறுப்பும் வெள்ளையுமாக ஒரு நாய், வாய் நிறைய மனிதப் பல்லோடு, அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போயிற்று. துடைத்த துணி கைநழுவி விழுந்தது.

வெளிக்கதவருகே, பள்ளியிலிருந்து அப்போதுதான் சைக்கிளில் வந்து இறங்கிய பல்லுக்காரரின் மனைவி நின்றிருந்தாள். தந்தி நேராக அவள் காலடியில் வந்து பல் செட்டை வைத்தது. வாலை ஒருமுறை ஆட்டியது. அடுத்த வேலை என்ன என்பதுபோல் அண்ணாந்து பார்த்தது.

"என்ன வேகம் பாத்தீங்களா!" என்றாள் அவள்.

பல்லுக்காரர் குனிந்து எடுத்தார். முன்பல் இரண்டு உடைந்திருந்தன. அண்ணப் பகுதியில் குறுக்கே ஒரு விரிசல். நாளை மறுநாள் மேடையேறிப் பேசவேண்டிய ஒரு வக்கீலின் வாய் அது. ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்தாகவேண்டும்.

"வேகம்..." என்றார் மூச்சிரைக்க. "நான் இப்ப ஒண்ணும் பேசல. பேசினா தப்பாப் போயிடும்."

மேலே போனார். ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்து ஒரு நாள் அவகாசம் கேட்டார். பிறகு இன்னொரு எண்ணுக்கும் ஃபோன் செய்தார். இரண்டாவது ஃபோனைப் பற்றி மனைவியிடம் சொல்லவில்லை.

*

அந்த வீட்டின் முன்னறைதான் பல்லுக்காரரின் பட்டறை. ஜன்னலோரம் நீள மேசை, அதன்மேல் பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகள், கம்மல் பெட்டிபோன்ற சின்னச் சின்ன டப்பாக்களில் நிறவாரியாகப் பற்கள். மெழுகில் ஈறு வடித்து, பல்லை ஒவ்வொன்றாக நட்டு, பித்தளை அச்சுப்பெட்டிக்குள் பிளாஸ்டர் ஊற்றி இறுகவைத்து, மெழுகை உருக்கி எடுத்து, அந்த இடத்தில் ரோஸ் நிற மாவை அழுத்தி, வெந்நீரில் வேகவைத்து எடுப்பார். இருபது வருஷமாக உட்கார்ந்த இடம். நாற்காலியில் அவர் வடிவத்துக்கு ஒரு பள்ளமே விழுந்திருந்தது.

மனைவி அதற்கு நேரெதிர். பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. பிள்ளைகள் வைத்த பெயர் ரவுண்டு மிஸ். தப்பு செய்தால் மைதானத்தை மூன்று ரவுண்டு ஓடவேண்டும். நல்லது செய்தால் பரிசாக இரண்டு ரவுண்டு. காலை ஐந்து மணிக்கு அவள் ஓடக் கிளம்பும் சத்தத்தில்தான் பக்கத்து வீடுகளில் பால் அடுப்பேறும்.

முன்பெல்லாம் மகளும் கூட ஓடுவாள். பதினான்கு வயதுக்குட்பட்டோர் பிரிவில் ஒரு கோப்பைகூட வாங்கினாள். பதினைந்தாவது பிறந்தநாளுக்கு மறுநாள் காலை, "இனிமே வரலம்மா" என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அவ்வளவுதான். ஏன் என்று அம்மா கேட்கவில்லை. இரண்டு மாதம் தனியாக ஓடினாள். மூன்றாவது மாதம் நாய்க் காப்பகத்தின் வாசலில் போய் நின்றாள்.

அங்கேதான் தந்தி இருந்தது. பார்டர் கோலி. ஆடு மேய்க்கிற ஜாதி. இருநூறு ஆட்டைக் குரைக்காமல் வெறும் பார்வையால் மடக்கி நிறுத்தும் நாயை அடுக்குமாடி வீட்டில் வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? மூன்று வீட்டிலிருந்து திரும்பி வந்துவிட்டது. ஒரு வீட்டில் சோபாவைத் தின்றது. ஒரு வீட்டில் விருந்துக்கு வந்த உறவினர்களை ஓட்டி ஓட்டிச் சமையலறை மூலையில் மந்தையாக நிறுத்தியது. மூன்றாவது வீட்டார் காரணமே சொல்லவில்லை. கயிற்றைக் கதவில் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

காப்பகத்து அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "தினமும் எவ்வளவு நடப்பீங்க?"

"நடக்கறதில்ல மேடம். ஓடுவேன்."

காப்பகத்து அம்மா ரவுண்டு மிஸ்ஸின் கெண்டைக்காலைப் பார்த்தாள். அந்த நிமிஷமே கயிற்றைக் கையில் கொடுத்தாள். "முப்பது நாள் பாப்போம். முப்பதாம் நாள் வருவேன். சரிப்படலைன்னா கூட்டிட்டுப் போயிடுவேன். ஆனா ஒண்ணு டீச்சர், நாலாவது வீடும் வேணாம்னா, அஞ்சாவது வீட்டுக்கு நான் தரமாட்டேன். திரும்பத் திரும்பக் கைமாறினா நாய்க்கு மனுஷங்க மேலயே நம்பிக்கை போயிடும். அப்புறம் ஆயுசுக்கும் கூண்டுதான்."

"கூண்டா? நான் இருக்கறப்பவா?" என்றாள் ரவுண்டு மிஸ்.

இன்றோடு பதினெட்டு நாள்.

*

மறுநாள் மாலை காப்பகத்து வேன் வாசலில் நின்றதும் ரவுண்டு மிஸ்ஸுக்குப் புரிந்துவிட்டது. கணவரைப் பார்த்தாள். அவர் வக்கீலின் புதுப் பற்களை மோட்டாரில் மெருகேற்றுவதில் மும்முரமாக இருந்தார்.

"நீங்களா கூப்பிட்டீங்க?"

மோட்டார் நின்றது. "நான்தான்."

"என்கிட்ட ஒரு வார்த்தை?"

"சொல்லியிருந்தா கூப்பிட விட்டிருப்பியா?"

"விட்டிருக்கமாட்டேன்."

"அதான்."

காப்பகத்து அம்மா உள்ளே வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். ஐம்பது வயதிருக்கும். முழங்கை முழுக்க நாய்நகக் கோடுகள். தந்தி அவளை ஒருமுறை மோந்தது. அறையை ஒரு சுற்றுச் சுற்றியது. கதவை, ஜன்னலை, பிறகு ரவுண்டு மிஸ்ஸைப் பார்த்தது. மறுபடியும் சுற்றியது. நிற்கவில்லை.

"எப்பவும் இப்படித்தானா?"

"சுறுசுறுப்பு மேடம். இருங்க, காட்டறேன்." ரவுண்டு மிஸ் ஒரு நீள நோட்டைக் கொண்டுவந்தாள். பள்ளிப் பிள்ளைகளுக்குப் போடுவதுபோலவே கட்டம் போட்டிருந்தாள். தேதி, தூரம், நேரம், ஓய்வு. சிவப்பு மையில் ஒரு கோடு மேலே மேலே ஏறியது. "முதல் வாரம் நாலு கிலோமீட்டர். ரெண்டாவது வாரம் ஆறு. இப்ப எட்டு. ஒரு நாள்கூட விடல. மழையிலயும் போனோம்."

காப்பகத்து அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டாள். விரலால் ஒரு வரிசையைத் தடவிக்கொண்டே போனாள்.

"ஓய்வுன்னு போட்டிருக்கீங்களே, அது என்ன?"

"ஓடிட்டு வந்து எவ்வளவு நேரம் படுத்துச்சுன்னு."

"முதல் வாரம் ரெண்டு மணி நேரம்."

"ஆமா."

"ரெண்டாவது வாரம் அரை மணி."

"ஆமா."

"மூணாவது வாரம் கட்டம் காலியா இருக்கு."

"அது... படுக்கல."

அறையில் தந்தியின் நகச் சத்தம் மட்டும். டிக் டிக் டிக் டிக்.

"அதனாலதான் மேடம், அடுத்த வாரம் பத்தாக்கலாம்னு இருக்கேன்."

"ஆக்குங்க. அடுத்த மாசம் பதினஞ்சு. அடுத்த வருஷம்? உங்க மூட்டு எத்தனை நாளைக்குத் தாங்கும்?" காப்பகத்து அம்மா நோட்டை மூடினாள். "உங்க ஸ்கூல்ல ஒரு பிள்ளைக்கு இப்படி வாராவாரம் ரெண்டு ரெண்டு கிலோமீட்டர் கூட்டினா என்ன ஆவான்?"

"தேறுவான். ஜெயிப்பான்."

"நாயும் அதான் ஆயிருக்கு. நீங்க இவனைக் களைக்க வைக்கல டீச்சர். போட்டிக்குத் தயார் பண்ணியிருக்கீங்க. நாலு கிலோமீட்டர்ல அடங்கின நாய்க்கு இப்ப எட்டு பத்தல. உடம்பு இரும்பாயிடுச்சு. அடங்கறது எப்படின்னு ஒருத்தரும் சொல்லித் தரல."

பல்லுக்காரர் முகமூடிக்குள் இருமினார். சிரிப்பா இருமலா என்று தெரியவில்லை.

"தப்பு எனக்கும்தான்" என்றாள் காப்பகத்து அம்மா. "நீங்க ஓடறவங்கன்னதும் வேற ஒண்ணுமே கேக்காம விட்டுட்டேன். உங்க காலைப் பாத்தேன். வீட்டைப் பாக்கல. இப்பவே கூட்டிட்டுப் போயிடறேன். யாருக்கும் சங்கடம் வேணாம்."

அவள் கயிற்றுக்காகக் கை நீட்டினாள்.

"இன்னும் பதினோரு நாள் இருக்கு" என்றாள் ரவுண்டு மிஸ்.

"டீச்சர்..."

"முப்பது நாள்னு சொன்னது நீங்க. பத்தொன்பதாம் நாள் விசில் ஊதற பழக்கம் எங்க ஸ்கூல்ல கிடையாது. என்ன செய்யணும்னு சொல்லுங்க. செய்யறேன்."

காப்பகத்து அம்மா நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். பிறகு சொன்னாள். காலையில் ஓட்டம் வேண்டாம். அரைமணி நடை, நாய் மோந்து பார்க்கிற இடத்திலெல்லாம் நிற்கவேண்டும். மூளைக்கு வேலை கொடுக்கவேண்டும். சாப்பாட்டைத் தட்டில் போடாமல் பழைய துண்டில் சுருட்டி ஒளித்துவைத்துத் தேடவைக்கவேண்டும். மூன்று நாளுக்கு ஒருமுறை வேண்டுமானால் ஒரு சின்ன ஓட்டம்.

"முக்கியமானது ஒண்ணு. தினமும் கொஞ்ச நேரம் வீட்ல ஒண்ணுமே நடக்கக்கூடாது. நீங்க உக்காரணும். அவன் தானாப் படுக்கணும். நான் வர்ற அன்னிக்கு அரைமணி நேரம் படுத்திருந்தான்னா, இந்த வீடு அவனுக்குச் சரின்னு எழுதிக் குடுக்கறேன்."

"அரைமணி உக்காரணும். அவ்வளவுதானே?" என்றாள் ரவுண்டு மிஸ்.

மேசைக்குப் பின்னாலிருந்து பல்லுக்காரர் முதல்முறையாக வாய் திறந்தார். "மேடம், பத்து கிலோமீட்டரே குடுத்திருக்கலாம்."

*

முதல் நாள் நடையில் தந்தி ஒரு விளக்குக் கம்பத்தைப் பதினோரு நிமிஷம் மோந்தது.

"பதினோரு நிமிஷம்!" வீட்டுக்கு வந்து ரொட்டியில் வெண்ணெயைக் குத்துவதுபோல் தடவினாள் ரவுண்டு மிஸ். "ஒரே கம்பம்! அதுல என்னதான் எழுதியிருக்கோ! மூணு பேரு என்னைத் தாண்டி ஓடிட்டாங்க. அதுல ஒருத்தர், 'என்ன மிஸ், உடம்பு சரியில்லையா'ன்னு கேக்கறார்."

"என்ன சொன்ன?" என்றாள் மகள், அவித்த முட்டையை உரித்துக்கொண்டே.

"நாய் படிச்சிட்டிருக்குன்னேன்."

துண்டு விளையாட்டு தந்திக்குப் பிடித்துப் போயிற்று. மகள் ஒளித்துவைப்பாள். கதவிடுக்கு, ஷூவுக்குள், அப்பாவின் நாற்காலிக்கு அடியில். தந்தி ஒவ்வொரு மூலையாக மூக்கால் துழாவி, கண்டுபிடித்து, துண்டைப் பிரித்துத் தின்பதற்குள் கால்மணி ஆகிவிடும். அதன்பின் அதன் கண்ணில் ஒரு திருப்தி தெரியும். ஆனால் படுக்காது.

ஏனென்றால் ரவுண்டு மிஸ் உட்காரவில்லை.

உட்கார்ந்தாள், உண்மைதான். நாற்காலியில் உட்கார்ந்து துணி மடித்தாள். தரையில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கினாள். "நான் உக்காந்துதானே இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே எழுந்து மின்விசிறியைக் கூட்டினாள், குறைத்தாள், மறுபடி கூட்டினாள். தந்தி அவள் கூடவே எழுந்தது, கூடவே வந்தது.

மூன்றாம் நாள் மாலை. வெயில் இறங்கி, ஜன்னல் கம்பிகளின் நிழல் மேசைமேல் நீண்டிருந்தது. பல்லுக்காரர் ஒரு கீழ்வரிசை செட்டை அச்சுப்பெட்டியில் வைத்து, பிளாஸ்டரைக் குழைத்து ஊற்றி, மூடியை அழுத்தி வைத்தார். கையைத் துடைத்தார். மடியில் கோத்துக்கொண்டார். உட்கார்ந்திருந்தார்.

ரவுண்டு மிஸ் கவனித்தாள். "என்ன செய்யறீங்க?"

"இறுகுது."

"அதான், நீங்க என்ன செய்யறீங்க?"

"அது இறுகற வரைக்கும் தொடக்கூடாது. மேசை ஆடினாக்கூடப் பல்லு நகர்ந்துடும். நாப்பது நிமிஷம்."

"தினமுமா?"

"தினமும் மூணு தடவை. இருபது வருஷமா."

"நாப்பது நிமிஷம் சும்மா எப்படிங்க இருக்கறது?"

"சும்மா இல்ல. அதுதான் வேலை." தள்ளி உட்கார்ந்து மேசையருகே இடம் காட்டினார். "இங்க வா. அடுத்த பெட்டிக்கு உக்காரு. நீ அசைஞ்சா டாக்டர் அம்மாவோட மாமியாருக்குக் கடைவாய்ப் பல்லு கோணிடும். அதை மட்டும் நெனச்சுக்க."

அவள் உட்கார்ந்தாள். நான்கு நிமிஷம் தாங்கியது.

மறுநாள் ஒன்பது. அதற்கு மறுநாள் பதினைந்து. பல்லைக் கடித்துக்கொண்டு, மலையேறுகிறவள்போல் உட்கார்ந்திருந்தாள். வியர்த்தது. தந்தி நான்கடி தள்ளி நின்று, தலையைத் தாழ்த்தி அவளையே பார்த்தது.

"அசையவே இல்லையே நான்! ஏன் படுக்கமாட்டேங்குது?"

பல்லுக்காரர் உதட்டசையாமல் சொன்னார். "உன் முகத்தைப் பாக்கல அது. காலைப் பாக்குது. கட்டைவிரல் தாளம் போடுது பாரு. நீ எப்ப எந்திரிப்பன்னு உனக்கு முன்னாடி அதுக்குத் தெரியுது."

அவள் குனிந்து பார்த்தாள். ஆமாம். வலது கட்டைவிரல் அதுபாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தது.

*

இருபத்தாறாம் நாள் அவள் ஏமாற்றினாள்.

மூன்று நாள் விடாமல் தூறல். தந்தி கதவருகே நின்று முனகியது. விடிவதற்குள் அவள் கால் தானாகவே ஷூவுக்குள் போய்விட்டது. பத்து கிலோமீட்டர். ஈரத்தார்ச் சாலையில் இருவரும் ஒரே மூச்சாக ஓடினார்கள். தந்தி திரும்பித் திரும்பி அவளைப் பார்த்துக்கொண்டே ஓடியது. அந்தப் பார்வைக்காக இன்னும் பத்து ஓடலாம்போல் இருந்தது அவளுக்கு.

திரும்பி வந்த அரைமணிக்குள் பலன் தெரிந்தது. தந்தி வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து, தலையணை ஒன்றைப் பிரித்து அறை முழுக்கப் பஞ்சைப் பரப்பியது. படுக்கவைக்க முடியவில்லை. பல்லுக்காரர் மேசையை உடம்பால் மறைத்துக்கொண்டு வேலை செய்தார். மகள் பஞ்சைப் பெருக்கிக்கொண்டே சொன்னாள்.

"என்னையும் நீ இப்படித்தாம்மா ஓட விட்ட."

"என்னடி சொல்ற?"

"எனக்கு ஓடறது பிடிக்கும். இப்பவும் பிடிக்கும். ஆனா நான் எவ்வளவு ஓடினாலும் நீ அடுத்ததைத்தான் சொல்லுவ. கோப்பை வாங்கிட்டு வந்தேன், ஞாபகம் இருக்கா? வீட்டுக்கு வர்ற வழியிலயே, 'அடுத்த தடவை நாலு செகண்டு குறைக்கலாம்'னு சொன்ன. எனக்கு ஒருநாள் படுத்துக் கெடக்கணும்போல இருந்துச்சும்மா. கோப்பையைக் கட்டிப்பிடிச்சிட்டு ஒரே ஒரு நாள்."

"சொல்லியிருக்கலாமே!"

"சொன்னேன். போர்வையை இழுத்துப் போர்த்திட்டுச் சொன்னேன். நீ ஏன்னு கேக்கல. நாய் வாங்கிட்டு வந்துட்ட." துடைப்பத்தை நிறுத்தினாள். "பாவம்மா தந்தி. அதுக்குப் போர்வையை இழுக்கத் தெரியல. நீ ஓடினா ஓடுது."

ரவுண்டு மிஸ் ஈர ஷூவைக் கழற்றினாள். வெகுநேரம் அதன் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். தந்தி வந்து அவள் முழங்காலை மூக்கால் இடித்தது: போலாமா?

"போகல" என்றாள் அதனிடம். மகளைப் பார்த்தாள். "நாளைக்குக் காலைல நீ கூட்டிட்டுப் போறியா? நான் வரல. எவ்வளவு தூரம் போனன்னு கேக்கவும் மாட்டேன்."

"நிஜமா கேக்கமாட்டியே?"

"கேட்டா, மூணு ரவுண்டு நான் ஓடறேன்."

"அதுவும் உனக்கு ஜாலிதானே!" என்றாள் மகள். சிரித்துவிட்டாள்.

மறுநாள் மகள் ஒன்றேகால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தாள். ரவுண்டு மிஸ் தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, எவ்வளவு தூரம் என்று கேட்காமல் இருந்தாள். பல்லுக்காரர் அதைப் பார்த்தார். எட்டு கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்தபோதுகூட அவள் நெற்றியில் இத்தனை வியர்வை பார்த்ததில்லை.

அன்று மாலை நாற்பது நிமிஷப் பெட்டிக்கு அவள் இருபத்திரண்டு நிமிஷம் உட்கார்ந்தாள். தந்தி முதல்முறையாக முன்காலை மடக்கியது. பின்காலை மடக்கவில்லை. பாதி உட்கார்ந்த நாய். பாதி நம்பிக்கை.

*

முப்பதாம் நாள், ஞாயிறு, மாலை நாலு மணி.

காப்பகத்து அம்மா படிவத்தோடு வந்தாள். வந்ததும் சட்டம் போட்டாள். "யாரும் அவன்கிட்டப் பேசக்கூடாது. பாக்கக்கூடாது. 'படு'ன்னு சொல்லிப் படுக்கவெச்சா கணக்கில்ல. அவனா படுக்கணும். அரைமணி."

பல்லுக்காரர் அச்சுப்பெட்டியை மூடி அழுத்தினார். கையைக் கோத்துக்கொண்டார். மகள் ஒரு புத்தகத்தோடு மூலையில் சாய்ந்தாள். ரவுண்டு மிஸ் மேசைக்குப் பக்கத்தில், சுவரில் முதுகு சாய்த்து, தரையில் உட்கார்ந்தாள்.

தந்தி அறையைச் சுற்ற ஆரம்பித்தது. மகளை இடித்தது. பல்லுக்காரரின் பாதத்தை இடித்தது. கதவருகே போய் நின்றது. யாரும் அசையவில்லை.

நாலு பத்து. காப்பகத்து அம்மா வேண்டுமென்றே எழுந்தாள். வேன் சாவியைக் குலுக்கினாள். கதவைத் திறந்தாள்.

தந்தியின் உடல் வில்லாக வளைந்தது. காது இரண்டும் நிமிர்ந்தன. மாடிப்படி தெரிந்தது, நாற்பத்தெட்டுப் படி, அதற்கு அப்பால் சாலை. அது திரும்பி ரவுண்டு மிஸ்ஸின் காலைப் பார்த்தது.

பல்லுக்காரரும் பார்த்தார், கடைக்கண்ணால். அந்த ஒரு கணம், வக்கீலின் பல்லோ மாமியாரின் கடைவாயோ அவர் நினைவில் இல்லை. இந்தச் சனியன் போய்விடக்கூடாது என்று மட்டும் இருந்தது.

கட்டைவிரல் அசையவில்லை.

தந்தி பெருமூச்சு விட்டது. வயிற்றின் ஆழத்திலிருந்து, வேலை முடிந்து வீடு திரும்பிய ஆள்போல ஒரு பெருமூச்சு. ரவுண்டு மிஸ்ஸின் காலருகே வந்து, ஒருமுறை தன்னைத்தானே சுற்றி, முன்காலை மடக்கி, பின்காலையும் மடக்கி, தாடையை அவள் பாதத்தின்மேல் வைத்தது.

காப்பகத்து அம்மா கதவை மெதுவாகச் சாத்தினாள்.

நாலு இருபது. நாலு முப்பது. தூரத்தில் எங்கோ ஒரு ஸ்கூட்டர் கிளம்பியது. காது மட்டும் துடித்து அடங்கியது. நாலு நாற்பதுக்குத் தந்தி குறட்டை விட்டது.

காப்பகத்து அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "டீச்சர்" என்றாள் தணிந்த குரலில். "முடிஞ்சது."

பதில் இல்லை.

"டீச்சர்?"

பல்லுக்காரர் மேசைக்குமேல் எட்டிப் பார்த்தார். மனைவியின் தலை ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. மூச்சு சீராக வந்தது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் பகல் வெளிச்சத்தில் அவள் தூங்கி அவர் பார்த்ததே இல்லை.

"எழுப்..." என்று மகள் வாயெடுத்தாள்.

"உஷ்" என்றார்கள் இரண்டு பேர் ஒரே நேரத்தில்.

காப்பகத்து அம்மா முழங்காலில் வைத்தே படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். அதைச் சத்தமில்லாமல் மேசைமேல் வைத்தாள். பிறகு வாசலில் கழற்றிவிட்டிருந்த செருப்பைக் கையிலெடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு படியிறங்கிப் போனாள்.